சூளைக் கண்ணாடி

நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரியனைக் கிரகணம் பிடித்த வருடம் அது. பஸ் வந்தும் ஏற ஆளில்லை. டீக்கடைகள் திறக்கவில்லை. வடக்கே எங்கோ பட்டப்பகலில் முழுசாக இருட்டிவிட்டது என்று டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். நம் பக்கம் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மறைந்தது. உங்களில் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள். சிலர் எக்ஸ்ரே பிலிமைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றிருப்பீர்கள். நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். நான் நாலு பேர் நடுவில் பேசுகிறவள் இல்லை. எழுதினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. அந்தத் தெரு எப்போதும் வெள்ளையாக இருக்கும். மண் தூள் பறந்து வந்து கூரையிலும் செடியிலும் படியும். மழை பெய்தால் சாக்கடையில் பால் ஓடுகிற மாதிரி ஓடும். பட்டறைகளின் பின்பக்கம் உடைசல் குவியல் ஒன்று இருந்தது. கைப்பிடி இல்லாத கப்பு, தலை போன கிளி, பாதி வெந்த ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடியின் வாய். எங்கள் விளையாட்டுச் சாமான் எல்லாம் அங்கிருந்து பொறுக்கியதுதான். இப்போது அந்த இடத்தில் ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறது.

நான் அப்போது ஏழாவது படித்தேன். அம்மா வீட்டிலேயே ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சுரண்டிக் கொடுப்பாள். அக்கா பத்தாவதோடு நின்று பொம்மைப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய வேலை கண் எழுதுவது. பொம்மைக்கு மற்ற வர்ணமெல்லாம் வேறு பெண்கள் அடிப்பார்கள். கடைசியில் தட்டு அக்காவிடம் வரும். நாலைந்து மயிர் மட்டுமே உள்ள பிரஷ். மூச்சை நிறுத்தி ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு புள்ளி. பிள்ளையார் நம்மைப் பார்ப்பார். அடுத்தது கிருஷ்ணர். அடுத்தது கிளி. அவள் எழுதிய கண் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்க்கிறது என்று பட்டறை முதலாளி எல்லோரிடமும் சொல்வாராம்.

அப்பா சூளை மேஸ்திரி. அவரிடம் ஒரு நீலக் கண்ணாடி இருந்தது. உள்ளங்கை அகலம். மரச் சட்டம் போட்டு, கைப்பிடி வைத்தது. பிடித்துப் பிடித்துக் கைப்பிடி கறுத்துப் போயிருந்தது. சூளை முழுச் சூட்டில் இருக்கும்போது சுவர் ஓட்டையில் செருகியிருக்கும் செங்கல்லை உருவிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தால் வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் உள்ளே நிற்கும் கோன்கள் தெரியும். கோன் என்பது விரல் உயரத்துக்கு மண்ணில் செய்த கூம்பு. சூடு வேண்டிய அளவுக்கு ஏறியதும் அது தலை குனியும். குனிந்ததும் தீயை நிறுத்திவிட வேண்டும். முன்னால் நிறுத்தினால் சாமான் வேகாது. தாண்டிவிட்டால் மேலே பூசிய மெருகு வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எல்லாம் உடைசல் குவியலுக்குத்தான். எத்தனையோ பேர் பாடுபட்டு அடுக்கியது அப்பா அந்த ஓட்டையில் பார்க்கிற பார்வையில் நின்றது. அவர் தெருவில் நடந்தால் அது நடையிலேயே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கிரகணத்துக்கு முன்னால் ஒரு நாள் எங்களை வெயிலில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"யாரும் யாரையும் முழுங்கல. நெழலு வுழுது, அவ்வளவுதான். அத இப்ப நம்மளே செஞ்சி பாக்கப் போறோம். சூரியன் யாரு?"

வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரி கையைத் தூக்கினாள். அவளை நடுவில் நிறுத்தினார்.

"டீச்சர், சூரியனுக்குப் பசிக்குது டீச்சர்."

"இந்த பீரியடு முழுக்க எரி. அப்பறம் சாப்புடலாம்."

வகுப்பு லீடர் பூமி ஆனாள். தன்னைத் தானே சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றி வரவேண்டும். இரண்டு சுற்றிலேயே அவளுக்குத் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டாள். பூமி உட்காரக் கூடாது என்று எல்லோரும் கத்தினார்கள்.

"நிலாவுக்குப் பேச்சே கெடையாது. யாரு வர்றீங்க?" என்றார் டீச்சர். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

நிலாவுக்கு ஒரே ஒரு விதிதான். பூமிக்கு முதுகைக் காட்டக் கூடாது. பூமியைப் பார்த்தபடியே அதைச் சுற்றிவர வேண்டும். நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் கால் வைத்து லீடரைச் சுற்றினேன். ஒரு முழுச் சுற்றுக்குள் நான் எல்லாத் திசையையும் ஒரு முறை பார்த்து முடித்திருந்தேன். ஆனால் லீடருக்கு என் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சூரியனுக்கும் அவளுக்கும் நடுவே நான் வந்தபோது டீச்சர் கை தட்டினார். "நில்லுங்க எல்லாரும். பூமி, உனக்கு சூரியன் தெரியுதா?"

"இல்ல டீச்சர். இவ மறைக்கிறா."

"இதான் கெரகணம்."

லீடர் விவரமானவள். "அப்ப மாசாமாசம் அமாவாசைக்கு நிலா நடுவுல வருது இல்ல டீச்சர்? மாசாமாசம் ஏன் புடிக்கல?" என்று கேட்டாள். டீச்சர் மறுநாள் வட்டமான தட்டு இரண்டு கொண்டுவரச் சொன்னார். நான் உடைசல் குவியலில் இருந்து ஒரு சாஸரைக் கொண்டுபோனேன். சூளையில் ஒரு பக்கம் மேலே எழும்பி, ஒரு பக்கம் இறங்கிப் போயிருந்தது அது. கோணல் சாஸரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அதை ஒரு நல்ல தட்டுக்குள் வைத்தார். ஒரு விளிம்பு மேலே, ஒரு விளிம்பு கீழே. எதிரெதிராக இரண்டே இடத்தில்தான் இரண்டு விளிம்பும் ஒட்டின.

"பெரிய தட்டு பூமியும் சூரியனும் இருக்கிற மட்டம். இந்தக் கோணத்தட்டு நிலா போற வழி. முக்காவாசி மாசம் நிலா கொஞ்சம் மேல போயிடும், இல்லாட்டிக் கீழ போயிடும். அதோட நெழலு பூமியில வுழாது. ரெண்டும் ஒட்டுற எடத்துக்கிட்ட அமாவாச வந்தாத்தான் புடிக்கும்."

அந்தச் சாஸரை டீச்சர் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார். திரும்பக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதில் பச்சையாக ஒரு இலை வரைந்திருந்தது.

பீரியடு முடியும்போது அவர் சொன்னது இது. "யாரும் நேரா பாக்காதீங்க. எக்ஸ்ரே பிலிமு, கலர் கண்ணாடி, பொக புடிச்ச கண்ணாடி எதுவும் வேணாம். அட்டையில ஊசியால ஒரு ஓட்டை போட்டு, சுவத்துல வுழற வெளிச்சத்தப் பாருங்க. போதும்."

இதை வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா சிரித்தார்.

"கலர் கண்ணாடியா? உங்க டீச்சருக்குத் திருவிழாவுல விக்கிற கண்ணாடிதான் தெரியும். சூளைக் கண்ணாடி தெரியுமா? சூளையும் நெருப்பு, சூரியனும் நெருப்பு. சூளை கையெட்டுற தூரத்துல இருக்குது. அதையே இத்தினி வருசமா பாக்குறேன். சூரியன் எங்கயோ கெடக்குது."

எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். கிட்டே இருக்கிற நெருப்பை அடக்குகிற கண்ணாடி தூரத்தில் இருக்கிற நெருப்பை அடக்காதா? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தீபாவளிக்குப் பெண்ணாடத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. வெறுங்கையோடு வரவில்லை, அக்காவுக்கு ஒரு வரனோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு சர்க்கரை ஆலையில் வேலை.

"இப்ப வேணாம் அத்த. ஒரு வருசம் போவட்டும்" என்றாள் அக்கா.

"ஒரு வருசம் போனா நீ எழுதுற பொம்மையிலதான் மாப்ள தேடணும். பையன் நல்ல ஒசரம். மூக்கும் முழியுமா இருக்கான்."

"முழி நான் எழுதிக்குவேன். மூக்கு மட்டும் இருந்தாப் போதும்."

அத்தையே சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. ஐப்பசி முடிவதற்குள் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் காலை மழை விட்டிருந்தது. அம்மா குடத்திலும் அதிரச மாவிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டாள். நோன்புக்குப் படைக்க வேண்டியது எல்லாம் கிரகணம் விட்ட பிறகுதான் என்று தெருவில் முடிவு செய்திருந்தார்கள். எதிர்வீட்டு அண்ணி மாசமாக இருந்தாள். அவளை உள்ளே விட்டு சன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தார்கள். சாக்குக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "யக்கா, புடிச்சிடுச்சா? எவ்ளோ புடிச்சிருக்குது? யாராச்சும் சொல்லுங்களேன், நான் என்னா கோழியா, கவுத்து வச்சிருக்கீங்க?"

அம்மா பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினாள். உலக்கை நின்றது. கிரகணம் பிடித்துவிட்டதற்கு அதுதான் சாட்சி. வேறு நாளில் யாரும் அதை நிறுத்திப் பார்த்ததில்லை.

பண்டிகைக்குச் சூளை அணைந்திருந்ததால் கண்ணாடி வீட்டில் இருந்தது. அப்பா அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சூரியன் பட்டறைக் கூரைகளுக்கு மேலே ஏறியிருந்தது. தெரு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். "மேஸ்திரி, ஒரு பக்கம் கடிச்ச மாதிரி இருக்குது." "இன்னா மாமா, நெலவு கலர்ல தெரியுது?" ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டார்கள். பயம் இருந்தது அவர்களுக்கு.

"பாப்பா, வா" என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. டீச்சர் சொன்னதை நினைத்து இல்லை. அத்தனை ஆண்கள் நின்றிருந்தார்கள். நான் எப்போதும் தரையைப் பார்த்தே நிற்பவள். வேப்ப மரத்துக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இலைகளுக்கு இடையே விழுகிற வெளிச்சம் வழக்கமாக வட்டம் வட்டமாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வொன்றும் பிறையாக இருந்தது. வெள்ளை மண்ணில் எங்கு பார்த்தாலும் பிறை. காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து ஆடின. என் கால் மேலும் நாலைந்து பிறை விழுந்தது. வெளிச்சம் வெளுத்துப் போயிருந்தது. சாயங்காலம் மாதிரி இல்லை. வெயிலில் தண்ணீர் கலந்த மாதிரி. காகங்கள் கத்தவில்லை.

அக்கா வந்து அப்பாவிடமிருந்து கண்ணாடியை வாங்கினாள்.

"பொம்பளப் புள்ள, உள்ள வாடி" என்றாள் அம்மா.

"பாக்கட்டும் வுடு. எம்பொண்ணு கண்ணு சாதாரணக் கண்ணா?" என்றார் அப்பா.

அக்கா கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். பிரஷ் பிடிக்கும்போது நிறுத்துகிற மாதிரியே மூச்சை நிறுத்தியிருந்தாள். "ஓரம் எவ்ளோ சுத்தமா இருக்குதுப்பா. ஒரே இழுப்புல இழுத்த மாதிரி. மீனாச்சி பொம்மைக்கு இப்பிடி ஒரு புருவம் எழுதணும்." அப்பா வாங்கிப் பார்ப்பார். அவள் திரும்ப வாங்கிக்கொள்வாள். அவர் மறுபடி வாங்குவார். மற்ற ஆண்கள் போய்விட்டார்கள். அம்மா இரண்டு தடவை உள்ளேயிருந்து கத்தினாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தார்கள்.

"வுட்டுடுச்சி, வுட்டுடுச்சி" என்று தெருக்கோடியில் யாரோ கத்தினார்கள். அம்மா உலக்கையை எடுத்து மூலையில் சாத்தினாள். எல்லா வீட்டிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் சாக்கை அவிழ்த்தார்கள்.

அக்கா தலை துவட்டிக்கொண்டே வந்து, "எனக்கு இன்னும் வுடலம்மா" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். வெளிச்சத்தைப் பார்த்தால் அப்படித்தான் கொஞ்ச நேரம் இருக்கும் என்றார் அப்பா. சாப்பிட்டோம். மத்தியானமும் விடவில்லை. அந்த வாரமும் விடவில்லை.

"நடுவுல கறுப்பா ஒன்னு நிக்குது. எங்க பாத்தாலும் அங்க வந்து நிக்குது" என்றாள். பயந்த மாதிரி சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கு அவள் ஒரு நாள் விளக்கிக் காட்டினாள். தூரத்தில் பட்டறைத் தண்ணீர்த் தொட்டி உயரமாக நின்றது. "ஒத்தக் கண்ண மூடிக்க. கட்டவெரல நீட்டி அந்தத் தொட்டிய மறை. மறைஞ்சிடுச்சா? எம்மாம் பெரிய தொட்டி. அத மாதிரிதான். எனக்கு அந்தத் தொட்டி உம்மூஞ்சி." அப்புறம், "உங்காதப் பாத்தா உம்மூஞ்சி தெரியுது. உம்மூஞ்சப் பாத்தா உன்னக் காணல" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அது பழகிவிட்டது. அவள் என் காதையோ தோளையோ பார்த்தால் என்னைப் பார்க்கிறாள். நேராக என் கண்ணைப் பார்த்தால் பார்க்கவில்லை.

பட்டறையில் ஒரு தட்டு முழுக்க கிருஷ்ணர்களுக்குக் கண் கன்னத்தில் இறங்கியிருந்தது. "கிருஷ்ணருக்குப் பல்வலி போலருக்குது" என்று பெண்கள் சிரித்தார்கள். அடுத்த தட்டும் அப்படியே. முதலாளி ஒன்றும் திட்டவில்லை. பிரஷை வேறு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அக்காவை மெருகுத் தொட்டிக்கு அனுப்பினார். கப்பை மெருகில் முக்கி எடுக்கிற வேலை. அதற்குக் கை போதும்.

அம்மா அவளைக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடி விற்கிற கடைக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். கடைக்காரர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாதி வரைக்கும் படித்துவிட்டாள். "கண்ணு தெளிவா இருக்குதேம்மா. மேலயும் ஒன்னுமில்ல, உள்ளயும் ஒன்னுமில்ல. பொண்ணுக்கு மனசுல எதுனா கொறை இருக்குதா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது. "அதானே பாத்தேன். கல்யாணம்னதும் கண்ணு தெரியலியா? எழுத்துத் தெரியுது, மூஞ்சி தெரியாதாமா? நல்ல வித்தடி இது."

"நெசமா தெரியல அத்த."

அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "அதே கண்ணாடிலதான நானும் பாத்தேன்? ஒன்னோட சேந்துதான பாத்தேன்? எனக்கு ஒன்னும் ஆவல. ஒனக்கு மட்டும் எப்பிடி ஆவும்?"

அவள் சொல்வதை நம்புவதற்கு இருந்த ஒரே வழியும் அதோடு மூடிப்போனது.

பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, மிச்சமிருந்த அதிரசம் வைத்தார்கள். அக்கா டீ கொண்டுவந்தாள். டீ எல்லாம் பார்க்காமலேயே சரியாகக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "பையன நல்லாப் பாத்துக்கம்மா, அப்பறம் கொற சொல்லக் கூடாது" என்றாள். அக்கா பார்த்தாள். உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டுத்தான் பார்த்தாள். அதனால் அவருடைய காதுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தாள். அங்கே காலண்டர் தொங்கியது.

மாப்பிள்ளை திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். அவருடைய அம்மாவும் பார்த்தாள்.

"யாரும்மா பின்னால நிக்கிறாங்க? எங்களத் தவுர எல்லாத்தையும் பாக்குது பொண்ணு" என்றாள். "இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிடணும். இப்பிடி கூப்புட்டு வச்சி அசிங்கப்படுத்தக் கூடாது."

கப்புகளைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தை அழுதாள். அம்மா அக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். அக்கா அம்மாவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கப்புகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. கப்பின் அடியில் சர்க்கரை கரையாமல் இருந்தது.

அந்தக் கார்த்திகையில்தான் அப்பா என்னைச் சூளைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "வா பாப்பா" என்பார். அதற்கு முன் பெண்பிள்ளைகளை அந்தப் பக்கமே விட்டதில்லை. சூளைக்கிட்டே போனாலே முகத்துத் தோல் இழுக்கும். எண்ணெய் எரிகிற வாசனை. அப்பா செங்கல்லை உருவுவார். நீலக் கண்ணாடியை என் கையில் கொடுப்பார். "உள்ள மூனு கோனு நிக்குது பாரு. ஒவ்வொன்னும் எப்பிடி நிக்குதுன்னு சொல்லு."

அந்த நீலத்துக்குள் எல்லாம் அசையாமல் இருக்கும். கப்பு, ஜாடி, பொம்மை எல்லாம் உள்ளேயிருந்தே வெளிச்சம் வருகிற மாதிரி நிற்கும். "மொதல்து படுத்துடுச்சிப்பா. நடுவுலது இப்பத்தான் குனியுது. மூனாவது நேரா நிக்குது."

"நடுவுலது தலை தரையத் தொட்டதும் சொல்லு."

நான் சொன்னதும் கையைத் தூக்குவார். தீயை நிறுத்துவார்கள். நான் சொன்னால் சூளையே நிற்கும். வகுப்பில் வாய் திறக்காத நான். "என்னா மேஸ்திரி, ஆம்பளப் புள்ள இல்லன்னு சின்னத இழுத்து வுட்டுட்டியா?" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். "கத்துக்கட்டும், கெட்டா போச்சி" என்பார் அப்பா. போகும்போது எனக்கு பன்னும் டீயும் வாங்கித் தருவார்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அக்கா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா பாக்கலியா ஓட்டையில?"

"இல்ல. நாந்தான் பாத்தேன். நாந்தான் சொன்னேன்."

அவள் உலையை மூடினாள். "வெளிய யார்கிட்டயும் பீத்திக்காத" என்றாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

பன்னும் டீயும் நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் நடந்தது. அப்புறம் சூட்டைக் காட்டும் மீட்டர் வந்துவிட்டது. அதில் எண் பெரிதாக எரியும். ஓட்டையில் பார்க்கிற வேலை குறைந்தது. நீலக் கண்ணாடி எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. அம்மா போய்விட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகி இதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். அக்காவைப் பார்க்க அப்புறம் யாரும் வரவில்லை. திமிர் பிடித்தவள், ஆளை மதித்துப் பார்க்க மாட்டாள் என்று ஊரில் பேர். மெருகுத் தொட்டியிலேயே இருந்தாள். அப்பாவுக்கும் அவளுக்கும் அந்த வருடத்துக்குப் பிறகு சாப்பாடு, தண்ணீர் தவிரப் பேச்சு இல்லை.

போன ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் போட்டார்கள். அப்பாவுக்குப் புரை முற்றியிருந்தது. நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் கழித்து, வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பெரியவரே, என்னா வேல செஞ்சீங்க?"

"சூளை வேலம்மா."

"ம். அதனால புரை சீக்கிரம் வரும். அது பரவாயில்ல, எடுத்துடலாம். ஆனா ரெண்டு கண்ணுலயும் நட்ட நடுவுல பழைய தழும்பு இருக்குது. இது சூளையால வர்றது மாதிரி இல்ல. எப்பவாச்சும் கெரகணம் பாத்தீங்களா?"

அப்பா தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றார்.

"புரை எடுத்தாலும் அந்த எடம் தெளியாது. ரொம்ப வருசமா இருந்திருக்கணும். நீங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குச் சூளை ஓட்டைதான் ஞாபகம் வந்தது. என் கையில் நீலக் கண்ணாடி. எனக்குப் பின்னால் அப்பா. கோன் குனிந்துவிட்டதா என்று அவர் என்னைக் கேட்டது சொல்லிக்கொடுக்க இல்லை. தெரியாமல் கேட்டிருக்கிறார். கண் தெரியாத மேஸ்திரியை யார் வைத்துக்கொள்வார்கள்? எனக்கு ஒன்னும் ஆவல என்று அவர் சட்டைப் பித்தானைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டே சொன்னதும் ஞாபகம் வந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆபரேஷனுக்கு என்றைக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவரை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

வீட்டில் அக்கா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி வைத்து விரலால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே போகாமல் அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்காவிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

அப்பா கேட்டார். "ஒனக்கு அது வுட்டுடுச்சா?"

எது என்று அக்கா கேட்கவில்லை. அரிசியில் விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா. ஒனக்கு?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். முகம் கோணிக்கொண்டு வந்தது. அக்கா அதுவரை அவருடைய தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கண்ணைத் திருப்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.